பழைய சாகா காருக்கு எந்தப் பெட்டி?



பண்டார் தெங்காராவிலிருந்து கூலாய் நோக்கிப் போகும் சாலையில் காலை நேரத்தில் நின்று பார்த்தால், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே இன்றும் ஒன்றிரண்டு பழைய புரோட்டோன் சாகா கார்கள் ஓடக் காணலாம். 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளியிடப்பட்ட கார் அது. அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, பிரதமர் மகாதீர் முகம்மது ஒரு சிவப்புச் சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரு காலத்தில் சாதாரணக் கார் என்று நினைத்தது இப்போது பழம்பெரும் காராகிவிட்டது. முதற்சாகா ஒன்று கோலாலம்பூர் தேசியப் பொருட்காட்சியகத்திற்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கிராணி ஒருவரிடம் அப்படி ஒரு சாகா இருக்கிறது. 1986இல் வாங்கியது. தோட்டத்தில் பெரிய துரையின் வண்டியை விட்டால் அப்போது அவசரத்துக்குக் கிடைத்த கார் அது ஒன்றுதான். பிரசவ வலி கண்ட பெண்களை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற கார். இன்று நாற்பதை நெருங்கும் ஆட்கள் சிலர், "நான் அந்தக் காரிலேயே பிறந்திருக்க வேண்டியவன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கார்புரேட்டர் தேய்ந்து, உதிரிப் பாகமும் கிடைக்காமல் போனபோது, ஏதோ ஓர் ஊர்ப் பட்டறையில் "இன்ஜெக்‌ஷன் மாட்டிவிடலாம் ஐயா, புதுக் கார் மாதிரி ஓடும்" என்றார்கள். அவரும் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். எந்தக் காரிலிருந்து கழற்றியது என்றே தெரியாத ஒரு பெட்டியை மாட்டினார்கள். மூன்றாம் மாதம் நெடுஞ்சாலையில் எஞ்சின் இடிபோலத் தட்டியது, நின்றது. திறந்து பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிறகுதான் கார் எங்கள் பழைய மாணவர் ஒருவரின் சிறு பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அவர் எங்களிடம் வந்து கேட்ட கேள்வி இதுதான்: "சார், இதற்கு எந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது?"

மாட்டிய பெட்டி ஏன் எஞ்சினைக் கொன்றது என்று தெரியாமல் அடுத்ததைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்கு இந்தப் பெட்டி பிறந்து வளர்ந்த கதையைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

எஞ்சினுக்கு வேண்டியது காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்த கலவை. எடைக்கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும், பிளக் கறுக்கும், சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெயைப் பெட்ரோல் கழுவிவிடும். பெட்ரோல் குறைந்தாலோ, பாரம் இழுக்கும் நேரத்தில் எஞ்சின் தட்டும், சூடு ஏறும், பிஸ்டன் உருகும். கிராணியின் காரில் நடந்தது இந்த இரண்டாவது விபத்து. குறைந்த பெட்ரோலில் கார் நன்றாகத்தான் ஓடும், சிக்கனமாக இருப்பதாகக்கூடத் தோன்றும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

ஏறக்குறைய எழுபது எண்பது ஆண்டுகள் இந்தக் கலவையைப் பார்த்துக்கொண்டது கார்புரேட்டர். காற்று குறுகிய தொண்டை வழியாக வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் தத்துவம். நம் தோட்டங்களில் துரைமார் ஓட்டிய மோரிஸ் மைனர் கார்களில் இருந்தது எஸ்.யு. கார்புரேட்டர். இந்தப் பெயரின் கதை வேடிக்கையானது. இங்கிலாந்தில் ஸ்கின்னர் குடும்பத்தார் செருப்பு வணிகம் செய்தவர்கள். அவர்கள் தொடக்கத்தில் செய்த கார்புரேட்டரில் தோலால் ஆன துருத்தி ஒன்று இருந்தது. ஸ்கின்னர் யூனியன் என்ற பெயரின் முதலெழுத்துகளே எஸ்.யு. தோல் தைத்தவர்கள் வீட்டிலிருந்து வந்த கருவி உலகம் முழுவதும் ஓடியது. அதை ஒரு திருப்புளியும் பொறுமையும் உள்ள எவரும் பிரித்துப் பார்க்கலாம், கழுவலாம், திரும்பப் பூட்டலாம். காது கொடுத்துக் கேட்டே ஓட்டத்தைச் சரிசெய்த மெக்கானிக்குகளை நாங்களும் சிறுவயதில் பார்த்திருக்கிறோம்.

பெட்ரோலை உறிஞ்ச விடாமல், அளந்து பீச்சினால் என்ன என்ற எண்ணம் விமான எஞ்சின்களில் முன்பே இருந்தது. கார்களில் அதை இயந்திர முறையில் செய்து புகழ்பெற்றது 1954இன் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். ஆனால் மின்சாரத்தால் ஆளப்படும் பீச்சுமுறையை முதலில் காருக்குக் கொண்டுவர முயன்றது அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம். 1957இல் அறிவித்தார்கள், 1958இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் சில டஜன் கார்களில் மட்டும் மாட்டினார்கள். அக்காலத்து மின்னணுப் பாகங்கள் வெயிலையும் அதிர்ச்சியையும் தாங்கவில்லை. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டரையே திரும்ப மாட்டிக் கொடுக்கும்படி ஆயிற்று. எண்ணம் சரியானது, காலம் கனியவில்லை.

பெண்டிக்ஸின் உரிமைகளைப் பயன்படுத்திக்கொண்டு ஜெர்மனியின் போஷ் நிறுவனம் வேலையைத் தொடர்ந்தது. 1967இல் வோல்க்ஸ்வேகன் 1600 காரில் டி-ஜெட்ரோனிக் என்ற முறை வந்தது. காரணம் வேகமோ ஆடம்பரமோ அன்று. அமெரிக்காவில் வாகனப் புகைக்குச் சட்டம் வந்துவிட்டது. கார்புரேட்டரால் அந்தச் சட்டத்துக்கு அடங்குவது கடினமாயிற்று. டி என்பது ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. எஞ்சினுக்குள் போகும் குழாயிலுள்ள காற்றழுத்தத்தை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலின் அளவைப் பெட்டி தீர்மானித்தது. பின்னால் வந்த எல்-ஜெட்ரோனிக், உள்ளே போகும் காற்றையே ஒரு தட்டி வைத்து அளந்தது. இடையில் 1973இல் வந்த கே-ஜெட்ரோனிக்கில் மின்னணுப் பெட்டிக்கு வேலையே இல்லை. முழுக்க இயந்திர முறை. இந்த எழுத்துகளை ஏன் சொல்கிறோம் என்றால், "என் பழைய காரில் ஏற்கெனவே இன்ஜெக்‌ஷன் இருக்கிறது" என்று சொல்பவர்கள் முதலில் எது என்று பார்க்க வேண்டும். மூன்றும் மூன்று விதம். ஒன்றின் பெட்டி மற்றொன்றுக்கு உதவாது.

1979இல் போஷ் மோட்ரோனிக் என்ற முறையைக் கொண்டுவந்தது. பெட்ரோலையும் தீப்பொறி விழும் நேரத்தையும் ஒரே பெட்டி கவனித்தது. உள்ளே இலக்கமுறைக் கணினி வேலை செய்தது. பி.எம்.டபிள்யு. 732ஐ காரில் அது முதலில் வந்தது. பட்டறைகளில் நாம் ஈ.சி.யு. என்றும் "கம்ப்யூட்டர் பெட்டி" என்றும் சொல்வது இந்த வம்சத்தைத்தான்.

அப்படியானால் 1985இல் வந்த சாகாவில் ஏன் கார்புரேட்டர்? மிட்சுபிஷியின் லான்சர் பியோரே என்ற காரை அடிப்படையாகக் கொண்டது சாகா, 1.3 லிட்டர் எஞ்சின். கார்புரேட்டர் விலை குறைவு. எந்தச் சிற்றூரிலும் பழுது பார்க்கலாம். புதிதாகக் கார் வாங்கும் மக்களுக்கு அதுவே பொருந்தியது. குறை சொல்வதற்கில்லை. 1993இல் விரா வந்தபோது அதன் 1.6 லிட்டர் வகையில் இன்ஜெக்‌ஷன் இருந்தது. தமிழ்நாட்டில் உறவுள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: அதே 1985இல்தான் சென்னையில் யூகால் என்ற நிறுவனம் ஜப்பானின் மிக்குனியுடன் சேர்ந்து மாருதி கார்களுக்குக் கார்புரேட்டர் செய்வதற்காகத் தோன்றியது. 2000ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவிலும் புகைச் சட்டம் இறுகியது, மாருதி 800 இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. கடலுக்கு இரு பக்கமும் ஒரே கதை.

இதுவரை வந்த பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் எழுதி மூடியது மூடியதுதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது பட்டறைக்காரருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் பழைய பால்மரத் தோட்டத்து நினைவு ஒன்று வருகிறது. பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியை, தண்ணீர் கலந்த பாலில் மிதக்க விடுவார்கள். அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதோ அதை வைத்துப் பாலில் எவ்வளவு ரப்பர் உண்டு என்று கணக்கிடுவார்கள். கூலியும் அந்தக் கணக்கையே பொறுத்தது. கருவி பொய் சொல்லாது. ஆனால் அதன் கோடுகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது வாயில்லாத நீதிபதி போல இருந்தது. எங்கள் அப்பாமார் அதைக் கண்டு எரிச்சல்பட்டதை நாங்கள் கேட்டிருக்கிறோம். படிக்கக் கற்றுக்கொண்ட சிலர் மட்டும், "கிராணி, இன்னொரு முறை விட்டுப் பாருங்க" என்று துணிந்து சொன்னார்கள்.

மூடிய பெட்டியைத் திறந்தவர்கள் யார்? 1986இல் ஆஸ்திரேலியாவில் ஹால்டெக், 1987இல் அதே நாட்டில் மோட்டெக் என்ற நிறுவனங்கள் தோன்றின. எண்களை நாமே மாற்றி எழுதக்கூடிய பெட்டிகளைப் பந்தயக் காரர்களுக்கு விற்றன. விலை சாமானியருக்கு எட்டாதது. 2001 வாக்கில் அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்க்வர்ட் என்ற பெட்டியை வடிவமைத்தார்கள். மின்சுற்றுப் படத்தையே வெளியிட்டார்கள். பாகங்களை வாங்கி, நாமே ஈயப்பற்று வைத்துச் செய்துகொள்ளலாம். முதல் வடிவம் பெட்ரோலை மட்டுமே ஆண்டது. கணினிச் சில்லும் மிக எளியது. ஆனால் அதைக் கட்டியவர் ஒவ்வொருவரும், பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஓரளவாவது புரிந்துகொண்டே கட்டினார். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்பீடுயினோ வந்தது. பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் போட்டிக்குப் பயன்படுத்தும் ஆர்டுயினோ பலகையின்மேல் அமைந்தது அது. நாங்கள் இதைக் கேள்விப்பட்டபோது நம்பவே இல்லை. எங்கள் பள்ளி அலமாரியிலும் அப்படி ஒரு பலகை கிடக்கிறது.

இனி கிராணியின் காருக்கு வருவோம். எங்கள் மாணவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, பழைய கார்களை வெட்டி விற்கும் கடையிலிருந்து விரா காரின் எஞ்சின், ஒயர்க்கட்டு, உணர்கருவிகள், பெட்டி எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து மொத்தமாக வாங்கி மாட்டுவது. இது மட்டமான வழியன்று. உண்மையில் பலருக்கு இதுவே நல்ல வழி. ஒரே காரிலிருந்து வந்தால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும், எண்களைத் தொடவேண்டியதில்லை. முந்திய பட்டறை செய்த தவறு, பெட்டியை ஒரு காரிலிருந்தும் இன்ஜெக்டரை வேறொன்றிலிருந்தும் எடுத்தது. பெட்டி தன் இன்ஜெக்டர் எவ்வளவு பீச்சும் என்று நம்பிக்கொண்டு நேரத்தைக் கணக்கிடுகிறது. இன்ஜெக்டர் வேறாக இருந்தால் கணக்கு முழுவதும் பிசகும். மின்தடையும் பார்க்க வேண்டும். சில இன்ஜெக்டர்களுக்கு இரண்டு மூன்று ஓம்தான், சிலவற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல். அதிக ஓமுக்கென்று செய்த பெட்டியில் குறைந்த ஓம் இன்ஜெக்டரை நேராக மாட்டினால் பெட்டி கருகும்.

ஆனால் இந்த வழியில் எஞ்சினே மாறுகிறது. எஞ்சின் மாறினால் ஜே.பி.ஜே. அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். பதிவிலும் திருத்த வேண்டும். கிராணி ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "எஞ்சின் நம்பர் மாறக்கூடாது தம்பி." பழைய சாகாவின் 8 வால்வுத் தலைக்கும் பிந்திய 12 வால்வுத் தலைக்கும் காற்றுக்குழாய் வேறு வேறு. ஆகவே அந்தப் பாகங்களை மட்டும் எடுத்துப் பொருத்தவும் முடியாது.

இரண்டாவது வழி, வெளிநாட்டு உயர்ந்த பெட்டி. உறுதியானது, மழைக்கும் சூட்டுக்கும் தாங்குவது. அதை வாங்கப் பணம் வேண்டும். எண்களை எழுத அதில் பழகியவர் வேண்டும். அப்படிப்பட்டவர் ஜொகூர் பாருவில் கிடைப்பார். ஆனால் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் அங்கே போய் வர வேண்டும். ஓட்டப்பந்தயக் காருக்குச் சரி. வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகும் சாகாவுக்கு யானைத் தீனி.

மூன்றாவது, ஸ்பீடுயினோ போன்ற திறந்த பெட்டி. இதன் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பொறுப்பும் நம் தலையில்தான். தவறான எண்ணை எழுதினால் இன்னொரு பிஸ்டன் போகும். பெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. அப்படியானால் கார்புரேட்டரையே புதிதாக ஒன்று தேடி மாட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அதைத்தான் முதலில் சொன்னோம். மாணவர், "சார், அதை யாரும் இனிச் செய்யப் போவதில்லை. இதையாவது நான் படிச்சுக்கலாம்" என்றார். நியாயம் இருந்தது, நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

அவர் அவசரப்படவில்லை. முதலில் பிஸ்டனை மாற்றி எஞ்சினைச் சரிசெய்தார். இது மிக முக்கியம். தேய்ந்த எஞ்சினுக்கு எந்தப் பெட்டியும் மருந்தாகாது. பழைய காற்றுக்குழாயில் நான்கு இடங்களில் துளையிட்டு, இன்ஜெக்டர் இருக்கைகளைப் பற்றவைத்து வாங்கி வந்தார். பிறகு பெட்ரோல் குழாய்கள். கார்புரேட்டருக்கு உள்ள பம்பின் அழுத்தம் ஒரு பாரில் கால் பங்கு இருந்தால் பெரிது. இன்ஜெக்டருக்குச் சுமார் 3 பார் வேண்டும். பழைய ரப்பர்க் குழாயையே விட்டால் ஒரு நாள் பிய்த்துக்கொண்டு சூடான எஞ்சின்மேல் பெட்ரோலைப் பீச்சும். முந்திய பட்டறை அதைக்கூட மாற்றவில்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார். கிராணிக்கு அந்த ஓட்டை பிஸ்டனோடு போனது ஒரு விதத்தில் அதிர்ஷ்டமே. உயர் அழுத்தக் குழாய், தொட்டிக்குத் திரும்பும் குழாய், எஞ்சின் நின்றால் பம்பை நிறுத்தும் ரிலே, எல்லாம் புதிதாக வந்தன.

தீப்பொறி விஷயத்தைப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரிடமே விட்டார். "ஒரு நேரத்தில் ஒரு பாடம் சார்" என்றார். நாங்கள் வகுப்பில் சொன்ன வார்த்தை எங்களுக்கே திரும்பி வந்தது! எஞ்சின் சுற்றை அறிய முன்பக்கப் புல்லியில் ஒரு பல் குறைந்த பற்சக்கரம், காற்றழுத்த உணர்கருவி, தண்ணீர்ச் சூட்டை அறிய ஒன்று, புகைக்குழாயில் மிஞ்சிய பிராணவாயுவைப் பார்க்க ஒன்று. பெட்டியைச் சூடும் மழையும் படாதபடி காருக்குள்ளே, காலடிக்கு மேலே வைத்தார்.

எவ்வளவு நுட்பமான கணக்கு என்பதற்கு ஒன்று சொல்கிறோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒரு சிலிண்டருக்கு வினாடிக்கு 25 முறை பெட்ரோல் வேண்டும். ஒரு முறைக்குக் கிடைக்கும் முழு அவகாசம் வினாடியில் 1000இல் 40 பங்கு. சும்மா நிற்கும் எஞ்சினில் இன்ஜெக்டர் திறந்திருப்பது 1000இல் இரண்டு மூன்று பங்குதான். இன்ஜெக்டர் தேவைக்கு மீறிப் பெரிதாக இருந்தால் இவ்வளவு சிறு நேரத்தை அளப்பது பெட்டிக்குக் கடினம். எஞ்சின் நின்ற இடத்தில் இருமும். "பெரிசா மாட்டினா பவர் வரும்" என்று சொல்லும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எண்களை எழுதும் வேலைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கிராணி ஓட்ட, மாணவர் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் மெதுவாகத் தொடங்கினார்கள். பாரம் ஏறும் கட்டங்களில் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூடுதலாக எழுதி, புகைக்குழாய்க் கருவியைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். தட்டும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார். கணினி வந்தும் காதுக்கு ஓய்வில்லை. நாங்கள் பின் இருக்கையில் இருந்தோம். உதவி ஒன்றும் செய்யவில்லை, பலாப்பழம் மட்டும் வாங்கி வந்தோம்.

பழைய கார்புரேட்டரைக் கழுவி எண்ணெய் தடவி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார்கள்.

வேலை முடிந்த மாலையில் கிராணி, "தம்பி, உள்ளே என்னதான் எழுதியிருக்கே, காட்டு" என்றார். மாணவர் அந்த அட்டவணையைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார். பதினாறு வரிசை, பதினாறு பத்தி, 256 கட்டங்கள். குறுக்கே எஞ்சினின் சுற்று, நெடுக்கே காற்றழுத்தம், கட்டத்துக்குக் கட்டம் ஓர் எண். முப்பது ஆண்டுகள் செக்ரோல் எழுதிய மனிதர் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிசை வரிசையாக ஓட்டி வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இந்தக் கட்டம் மட்டும் பக்கத்துக் கட்டத்தைவிடக் குறைச்சலா இருக்கே?" என்று கேட்டார். மாணவர் குனிந்து பார்த்தார். மடிக்கணினியைத் திரும்பத் திறந்தார்.